பன்னிரண்டு பேரும் ஆடிவிட்டால் அணி ஆகிவிடுமா?

நம் கள்ளக்குறிச்சி மாவட்டக் கபடி அணியில் பன்னிரண்டு பேரையும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றி இறக்க வேண்டும், பழகிய ஜோடி என்று பேசுவதெல்லாம் பழைய பஞ்சாங்கம் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை தீர்ப்பு எழுதியிருக்கிறது. அதற்கு அது சொல்லும் காரணங்கள் நான்கு. ரக்பியில் அடுத்தடுத்து இரண்டு உலகக் கோப்பைகளை வென்ற தென்னாப்பிரிக்கா ஆளை மாற்றி மாற்றித்தான் வென்றது. கபடியில் யாரும் எந்த நொடியும் வெளியேறலாம் என்பதால் ஜோடிக்குப் பொருளே இல்லை. புதிய ஆளை இறக்கினால் எதிரணிக்கு அவனைத் தெரியாது, அது நமக்கு லாபம். கடைசியாக, கல்வராயன் மலைப் பையன்களுக்கு வாய்ப்புக் கிடைக்கச் சுழற்சியை விட்டால் வேறு வழியில்லை. ஜோடியைப் பிரிக்காதே என்கிறவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களைக் காப்பாற்றுகிறார்கள் என்றும் அது குற்றம்சாட்டுகிறது.

முதல் காரணம் பாதி உண்மை. இரண்டாவது கணக்குப் பிழை. மூன்றாவது கோட்டுக்கு வெளியே மட்டுமே நின்று பார்த்தவரின் கற்பனை. நான்காவதோ நியாயத்தின் பெயரில் செய்யப்படும் அநியாயம். அந்த நான்காவது மட்டும் இல்லையென்றால் இந்தக் கட்டுரைக்குப் பதில் எழுதியிருக்கமாட்டேன். வெள்ளிமலையிலிருந்தும் சேராப்பட்டிலிருந்தும் இறங்கிவரும் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அவர்களுக்கே குழி வெட்டுகிற யோசனை அது. அதனால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ரக்பியிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் கட்டுரையாளர் தன் வாதத்தின் முழுப் பாரத்தையும் அதன் தலையில்தான் ஏற்றியிருக்கிறார். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர், எண்பது நிமிட ஆட்டம், வெளியே எட்டு மாற்று ஆட்கள். கபடியைப் போலவே உடம்போடு உடம்பு மோதுகிற ஆட்டம். 2019இல் ஜப்பானில் நடந்த உலகக் கோப்பையின் பிரிவு ஆட்டங்களில் தென்னாப்பிரிக்கப் பயிற்சியாளர் ராஸி எராஸ்மஸ் எளிய எதிரணிகளோடு மோதும்போது பெருமளவு ஆட்களை மாற்றினார். இது உண்மை. கட்டுரையாளர் இங்கேயே புத்தகத்தை மூடிவிட்டார். அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது?

காலிறுதியில் ஜப்பான், அரையிறுதியில் வேல்ஸ், நவம்பர் 2ஆம் தேதி யோகஹாமாவில் இறுதிப் போட்டியில் இங்கிலாந்து. இந்த மூன்று ஆட்டங்களிலும் தென்னாப்பிரிக்கா இறக்கிய முதல் பதினைந்து பேரில் ஒரே ஒரு மாற்றம்தான். செஸ்லின் கோல்பிக்குக் காயம் என்பதால் அரையிறுதியில் மட்டும் ஸ்பூ என்கோசி ஆடினார். கோல்பி குணமானதும் இறுதியில் திரும்பி வந்தார். இங்கிலாந்தை 32-12 என்று நொறுக்கிய அணி, தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற நிலை வந்த பிறகு ஒருவரையும் சுழற்றாத அணி.

‘பாம் ஸ்குவாட்’ என்று பெயர் பெற்ற அவர்களது மாற்று ஆட்கள் படையையும் கட்டுரை துணைக்கு அழைக்கிறது. அந்தப் படை எப்படி இறங்கியது என்பதைப் பார்த்தாரா? ஸ்க்ரம்மில் முன்வரிசை என்பது மூன்று பேர் தோளோடு தோள் கோத்து நிற்கும் ஒற்றைச் சுவர். எராஸ்மஸின் வெளி வரிசையில் கிட்ஷாஃப், மால்கம் மார்க்ஸ், கோக் என்று அதற்கு ஈடாக இன்னொரு முழுச் சுவரே உட்கார்ந்திருந்தது. களைத்த மூவருக்குப் பதில் பழகிய மூவர். முதல் கூட்டுக்கு அவர் செலவிட்ட கவனத்தில் குறையாமல் இரண்டாவது கூட்டுக்கும் செலவிட்டிருந்தார். பன்னிரண்டு பெயரைச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுகிற யோசனைக்கு அவரைச் சாட்சிக்கு இழுப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

2023ஐ எடுத்துக்கொண்டால் கட்டுரையாளரின் சாட்சி முழுவதுமாக எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. பிரான்ஸோடு காலிறுதி 29-28. இங்கிலாந்தோடு அரையிறுதி 16-15. இரண்டுக்கும் அதே பதினைந்து பேர். அக்டோபர் 28 அன்று பாரிஸில் நியூசிலாந்தை எதிர்த்த இறுதிப் போட்டியில்தான் இரண்டு மாற்றங்கள். எந்த இரண்டு? ஆட்டத்தை நடத்தும் ஒன்பதாம் எண்ணும் பத்தாம் எண்ணும். கோபஸ் ரெய்னாக்கும் மானி லிபோக்கும் சேர்ந்து வெளியே போனார்கள். ஃபாஃப் டி கிளர்க்கும் ஹாந்த்ரே போலார்டும் சேர்ந்து உள்ளே வந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் யோகஹாமா இறுதிப் போட்டியைத் தொடங்கிய அதே ஜோடி. ஜோடியை ஜோடியாகவே மாற்றினார்கள், பாதியை வெட்டி ஒட்டவில்லை. 12-11 என்று கோப்பை வந்தது.

அதே இறுதிப் போட்டியில் ஒரு ஜோடி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பாடம் இருக்கிறது. லைன்அவுட்டில் பந்தை எறியும் ஹூக்கர் போங்கி எம்பொனாம்பி தொடக்கத்திலேயே காயத்தோடு வெளியேறினார். மார்க்ஸ் ஏற்கெனவே காயத்தால் தொடரிலிருந்தே போயிருந்தார். பெரும்பாலும் ஃபிளாங்கராக ஆடிவந்த டியோன் ஃபூரி மீதி ஆட்டம் முழுவதும் அந்த இடத்தில் நின்றார். மனிதர் உயிரைக் கொடுத்து ஆடினார். ஆனாலும் லைன்அவுட்டில் பந்தை எறிகிறவருக்கும் தூக்கிவிடப்பட்டுப் பிடிக்கிறவருக்கும் இடையில் இருக்க வேண்டிய கணக்கு தடுமாறியது. எறிபவரின் திறமையிலோ பிடிப்பவரின் திறமையிலோ குறையில்லை. இருவரும் சேர்ந்து செய்து பழகாத வேலை அது.

சுழற்சியை உண்மையிலேயே தீவிரமாகச் செய்து பார்த்த அணி ஒன்று இருக்கிறது. கட்டுரையில் அதன் பெயரே இல்லை. 2007இல் நியூசிலாந்துப் பயிற்சியாளர் கிரஹாம் ஹென்றி, உலகக் கோப்பைக்கு உடம்பைத் தேற்ற வேண்டும் என்று தன் முக்கிய வீரர்கள் 22 பேரை உள்நாட்டுப் பெரும் தொடரான சூப்பர் 14இன் தொடக்கச் சுற்றுகளிலிருந்து விலக்கி வைத்தார். பன்னாட்டு ஆட்டங்களிலும் ஆட்களைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். அணியில் ஆழம் வந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அக்டோபர் 6ஆம் தேதி கார்டிஃபில் பிரான்ஸுக்கு எதிரான காலிறுதிக்கு வந்து நின்றபோது, நடுவரிசைக்கு நிலைத்த ஜோடி ஒன்று அவர்களிடம் இல்லை. ஃபுல்பேக்காகப் பெயர் பெற்ற மில்ஸ் முலியைனா, லூக் மெக்அலிஸ்டரோடு சென்டரில் நின்றார். 18-20. உலகக் கோப்பையில் நியூசிலாந்து காலிறுதியோடு வெளியேறியது அதுவரை நடந்ததே இல்லை. நடுவர் ஒரு முன்பாஸைக் கவனிக்கவில்லை என்பதும், டான் கார்ட்டர் காயத்தால் வெளியேறினார் என்பதும் உண்மைதான். சுழற்சி ஒன்றுதான் அவர்களைத் தோற்கடித்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சுழற்சி அவர்களைக் காப்பாற்றவில்லை என்பதைக் கட்டுரையாளர் ஏன் சொல்லவில்லை?

அதே ஹென்றி நான்கு ஆண்டு கழித்து, 2011இல், பிரான்ஸை 8-7 என்று வென்று கோப்பையைத் தூக்கினார். அந்தத் தொடரில் அவருடைய பத்தாம் எண் வீரர்கள் வரிசையாகச் சாய்ந்தார்கள். கார்ட்டருக்குக் காயம், அவர் இடத்துக்கு வந்த காலின் ஸ்லேடுக்குக் காயம், அவருக்குப் பின் வந்த ஆரோன் குரூடனுக்கு இறுதிப் போட்டியிலேயே காயம். நான்காவதாக வந்த ஸ்டீபன் டொனால்ட் உதைத்த பெனால்ட்டிதான் கோப்பையைத் தந்தது. “பார்த்தீர்களா, யார் வந்தாலும் ஆடலாம்” என்று கட்டுரையாளர் இதைக் கையிலெடுக்கலாம். எடுக்கட்டும். டொனால்டுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் யார்? மா நோனுவும் கான்ராட் ஸ்மித்தும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடிய, உலக ரக்பி கண்ட மிக நீண்ட நடுவரிசை ஜோடிகளில் ஒன்று. பக்கத்தில் அந்தச் சுவர் நின்றதால் நான்காவது ஆள் வந்தும் அணி குலையவில்லை. ஆளை மாற்றலாம், அவனைத் தாங்கும் ஜோடி அசையாமல் இருந்தால். உலக ரக்பி சொல்லும் பாடம் இது. கட்டுரையாளர் இதைத் தலைகீழாக வாசித்திருக்கிறார்.

இனி நம் ஆட்டத்துக்கு வருவோம். கபடியில் ஜோடிக்குப் பொருளில்லை என்று எழுதியவர் ஒரு பிடி எப்படி விழுகிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ரைடர் பாடிக்கொண்டு இடது பக்கமாக ஏறுகிறார். கையில் முப்பது நொடி. இடது கார்னர் கால் விரலை மடக்கிக் காத்திருக்கிறார். ரைடரின் முன்கால் போனஸ் கோட்டை நோக்கி நீளும் நொடியில் கார்னர் கணுக்காலுக்குப் பாய்கிறார். பிடித்தாயிற்று. ஆனால் கணுக்காலை மட்டும் பிடித்து எண்பது கிலோ ஆளை நிறுத்த முடியாது. பக்கத்துக் கவர் அதே மூச்சில் வந்து அவர் நடுக்கோட்டுக்குத் திரும்பும் பாதையை அடைக்க வேண்டும். அரை நொடி முன்னால் அசைந்தால் ரைடர் உஷாராகிக் காலை இழுத்துக்கொள்வார். அரை நொடி பின்னால் வந்தால் இன்னும் மோசம். ரைடர் இருவரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், தொட்ட இருவருமே வெளியே. ஒரு புள்ளி போக வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளி.

கபடியின் கொடூரம் இங்கேதான் இருக்கிறது. வேறு பல ஆட்டங்களில் தாமதமாக வந்த உதவி வீண் உதவி, அவ்வளவுதான். கபடியில் தாமதமாக வந்த உதவி இன்னொரு ஆளையும் பலி கொடுக்கும். ஆகவே கார்னர் பாய்கிறாரா, பாய்வதுபோல் பாவனை காட்டுகிறாரா என்பதைக் கவர் அவருடைய தோள் அசைவிலேயே படிக்க வேண்டும். அதற்கு ஜாடை கிடையாது, குரல் கிடையாது. சேர்ந்து ஆடிய மாதங்கள் மட்டும்தான் உண்டு. நேற்று மாலை அறிமுகமான இருவருக்கு இந்தப் படிப்பு எங்கிருந்து வரும்?

“யாரும் எப்போதும் வெளியேறலாம், ஆகவே ஜோடி நிலைக்காது” என்கிறார். ஆள் வெளியே போவதும், போன வரிசைப்படி உயிர் பெற்று உள்ளே வருவதும் கபடியின் இயல்பு என்பது சரி. இடது கார்னர் வெளியே போனால் இடது கவருக்குத் துணையாக வேறொருவர் நிற்க நேரும் என்பதும் சரி. இதிலிருந்து வரும் முடிவோ அவர் சொல்வதற்கு நேர் எதிரானது. களத்தில் நிற்கும் ஏழு பேரில் எந்த இருவரும் எப்போது வேண்டுமானாலும் ஜோடி சேர நேரலாம் என்பதால், அந்த ஏழு பேரும் ஒருவரை ஒருவர் முழுக்க அறிந்திருக்க வேண்டும். ஏழு பேரில் இருவர் இருவராக எடுத்தால் 21 ஜோடிகள். ஒரு பயிற்சி முகாமில் இந்த 21ஐயும் பழக்குவதே பெரும்பாடு. பன்னிரண்டு பேரையும் சுழற்றினால் அது 66 ஆகிறது. மும்மடங்குக்கும் மேல். மாவட்ட அணி சேர்ந்து பயிற்சி எடுக்கும் சொற்ப நாட்களில் 66 ஜோடிகளைப் பழக்கிக்காட்டும் பயிற்சியாளர் எங்கே இருக்கிறார்? ஆட்டம் தானாகவே ஜோடிகளைக் கலைத்துக்கொண்டிருக்கும்போது, தேர்வுக்காரரும் தன் பங்குக்குக் கலைத்துவிட வேண்டுமா?

மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது விழும் பிடிக்குச் சூப்பர் டாக்கிள் என்று இரண்டு புள்ளி. தோற்க இருந்த எத்தனையோ ஆட்டங்கள் அங்கே திரும்பியிருக்கின்றன. அந்த நிலையில் ஆறரை மீட்டர் ஆழமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள களத்தை இரண்டு மூன்று பேர் காக்க வேண்டும். திறமை மட்டும் அங்கே போதாது. பக்கத்தில் நிற்பவன் எந்தப் பக்கம் சாய்வான் என்ற உறுதி வேண்டும்.

புதிய ஆளை எதிரணிக்குத் தெரியாது என்ற மூன்றாவது வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. எதிரணிக்குத் தெரியாததைவிட, கூட நிற்கும் ஆறு பேருக்கும் அவனைத் தெரியாது என்பதுதான் பெரிய விஷயம். எதிரணி அவனை இரண்டு ரைடில் அளந்துவிடும். நம் ஆறு பேர் அவனை அளந்து முடிப்பதற்குள் அணியே வெளியேறி லோனா விழுந்திருக்கும்.

இதற்கெல்லாம் ரக்பி வரை போக வேண்டியதே இல்லை. நம் கண் முன்னால் தமிழ் தலைவாஸ் இருக்கிறது. 2017இல் புரோ கபடிக்குள் வந்த அணி. அஜய் தாக்கூர் தலைமை. அடுத்த ஆண்டு மஞ்சித் சில்லர், ஜஸ்வீர் சிங், சுகேஷ் ஹெக்டே வந்தார்கள். அதற்கடுத்த ஆண்டு ராகுல் சௌத்ரி, மோஹித் சில்லர் வந்தார்கள். பெயரைக் கேட்டாலே எதிரணி நடுங்க வேண்டிய ஆட்கள். முதல் இரண்டு சீசன்களில் தன் பிரிவில் கடைசி இடம், மூன்றாவதில் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாம் இடம். ஆண்டுதோறும் புதிதாகக் கூட்டிச் சேர்த்த பெயர்கள் அணியாக முதிரவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் மருந்து இன்னொரு மாற்றம் என்று நினைத்ததன் விலை அது.

2022இல் பவன் ஷெராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அவருடைய சீசன் முடிந்தது. எல்லாரும் கைகழுவிய நேரம். அந்த ஆண்டுதான் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. காரணம் என்ன? புதிதாக வந்த நரேந்தர் ரைடில் வெளுத்து வாங்கினார், சரி. ஆனால் பின்னால் யார் நின்றார்கள்? முந்தைய சீசனிலேயே சேர்ந்து ஆடி, பிரிக்கப்படாமல் தக்கவைக்கப்பட்ட சாகரும் சாஹில் குலியாவும். இரு முனைக் கார்னர்கள். பின்னால் கதவு பூட்டியிருந்ததால்தான் முன்னால் ஒரு புதிய பையன் அச்சமில்லாமல் ஏறிப் பாட முடிந்தது.

அதற்கு அடுத்த சீசனில் அதே சாகரும் சாஹிலும் இருந்தும் தலைவாஸ் ஒன்பதாம் இடத்துக்குத்தானே போனது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஜோடி ஒன்று இருந்துவிட்டால் கோப்பை தானாக வரும் என்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சீசனில் கோப்பையை வென்றது யார் என்று பார்த்தால் விடை தெரியும். புனேரி பல்டன். அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் என்று இளம் ஆட்களைச் சேர்த்து, சீசனுக்குச் சீசன் கலைக்காமல் வளர்த்த அணி. 2022 சீசனின் இறுதிப் போட்டியில் ஜெய்ப்பூரிடம் 29-33 என்று தோற்றார்கள். தோற்றதற்காக அணியைச் சிதறடிக்கவில்லை. ஈரானின் முகமதுரேசா ஷாட்லூயியை 2.35 கோடிக்கு எடுத்து, நிலைத்த அணிக்குள் ஓர் ஆளாகச் செருகினார்கள். 2024 மார்ச்சில் ஹரியானாவை 28-25 என்று வென்றார்கள். அதே ஏலத்தில் பவனை 2.60 கோடிக்கு எடுத்த தெலுங்கு டைட்டன்ஸ் கடைசி இடத்தில் முடித்தது. பணமும் பெயரும் இரு பக்கமும் இருந்தன. அந்தப் பெயரைத் தாங்கும் அணி ஒரு பக்கம்தான் இருந்தது.

பன்னாட்டுக் கபடியும் இதையேதான் சொல்கிறது. 1990இல் பெய்ஜிங்கில் தொடங்கி 2014இல் இஞ்சியோன் வரை ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடித் தங்கம் ஏழு முறையும் இந்தியாவுக்கே. 2014 இறுதியில் ஈரான் 25-27 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. 2016இல் அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதியிலும் 29-38 என்று தோற்றது. நம் கட்டுரையாளர் அவர்களுக்கு ஆலோசகராக இருந்திருந்தால் அன்றே ஆளை மாற்றச் சொல்லியிருப்பார். அவர்கள் ஃபசல் அத்ராசலியை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அபோசர் மிகானியையும் அவரோடு முதிர விட்டார்கள். 2018இல் ஜகார்த்தா அரையிறுதியில் இந்தியாவை 27-18 என்று சாய்த்தார்கள். 28 ஆண்டுக் கோட்டையை உடைத்தது, தோற்றபோதும் கலையாமல் நின்ற ஒரு தற்காப்பு வரிசை.

இப்போது நான்காவது வாதம். இங்கே நான் குரலைத் தாழ்த்தப் போவதில்லை.

கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு வாய்ப்புக் குறைவு என்பது உண்மை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, மலைக்கென்றே ஒரு வட்டம் வந்து ஆண்டுகள் ஆனபிறகும், கபடிக்கான மேட் விரித்த களம், பயிற்சி, தேர்வு எல்லாம் கீழேதான். கச்சிராயபாளையம் வழியாக மலையிறங்கி வந்து பயிற்சி எடுத்து, கடைசிப் பேருந்தைப் பிடித்து மேலே ஏற வேண்டும். சாமை, மரவள்ளி வேலை உள்ள மாதங்களில் வீட்டில் கை தேவை. வேலை தேடிக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் குடும்பத்தோடு போகிற பையன்கள் பாதிப் பருவம் ஊரில் இருப்பதில்லை. இந்தத் தடைகளைத் தாண்டி வந்தவனுக்குச் சுழற்சி தருவது என்ன?

முதல் ஆட்டத்தில் உட்கார வைப்பார்கள். இரண்டாவதில் இறக்குவார்கள். மலையில் தன் அண்ணன் தம்பியோடும் பங்காளியோடும் மண் தரையில் வலது கார்னர் ஆடிப் பழகியவனை, இங்கே காலியாக இருக்கும் இடது கவரில் நிறுத்துவார்கள். பக்கத்தில் நிற்பவன் பெயரே அவனுக்குச் சரியாகத் தெரியாது. கால் வழுக்கும் மேட்டில் தாமதமாக ஒரு பிடிக்குப் போவான். இருவரும் வெளியேறுவார்கள். மூன்றாவது ஆட்டத்தில் மீண்டும் உட்கார வைப்பார்கள். தொடர் முடிந்ததும், “வாய்ப்புக் கொடுத்தோம், அவன் பயன்படுத்திக்கொள்ளவில்லை” என்று ஒரு வரி. அந்த வரி அடுத்த ஆண்டும் அவன் பின்னாலேயே வரும். வாய்ப்பே கொடுக்காமல் விட்டிருந்தால் அவன் திறமை மீது யாரும் பழி போட முடியாது. இப்படிக் கொடுத்த வாய்ப்பு, திறமை இல்லாதவன் என்ற முத்திரையையும் சேர்த்துக் கொடுக்கிறது. இதையா நியாயம் என்கிறார்கள்?

ஏர் பூட்டுகிற விவசாயி உழவு நாளன்று ஜோடி மாட்டில் ஒன்றை அவிழ்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு மாட்டை நுகத்தில் பூட்டமாட்டார். மாட்டுக்கு இருக்கும் அந்த மரியாதையை மலையிலிருந்து வரும் மனிதப் பிள்ளைக்குக் கொடுக்க நம் தேர்வுமுறைக்கு ஏன் தோன்றவில்லை?

ஜோடி பேசுகிறவர்கள் வேண்டியவர்களைக் காப்பாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டையும் எதிர்கொள்கிறேன். வேண்டியவர், வேண்டாதவர் பார்க்கும் வழக்கம் நம் விளையாட்டில் இல்லை என்று சொல்ல எனக்கு மனச்சாட்சி இடம் கொடுக்காது. இருக்கிறது. பழக்கம் என்ற பெயரில் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நகராதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சுழற்சி அந்த நோயை ஆற்றுமா? ஜோடி நிலைத்திருந்தால் அதற்கு ஒரு கணக்கு இருக்கும். இந்தக் கார்னரும் இந்தக் கவரும் எத்தனை ஆட்டம் ஆடினார்கள், எத்தனை பிடி விழுந்தது, எத்தனை முறை இருவரும் சேர்ந்து வெளியேறினார்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். ஆட்டத்துக்கு ஆட்டம் ஏழு பேர் மாறும் அணியில் யாருடைய கணக்கை யார் எழுதுவது? நீக்கப்பட்ட பையன் ஏன் என்று கேட்டால் “சுழற்சி” என்று ஒரே சொல்லில் வாயை அடைத்துவிடலாம். சேர்க்கப்பட்டவனைப் பற்றிக் கேட்டாலும் அதே சொல்தான் பதில். காரணம் சொல்லும் கடமையிலிருந்து தேர்வுக்காரரை முழுமையாக விடுவிக்கும் முறை இது. வேண்டியவரை உள்ளே நுழைக்க இதைவிட வசதியான கதவு வேறு இல்லை.

கட்டுரையில் ஒரு கவலை நியாயமானது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. நம் ஊர்ப் போட்டிகளில் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஒரே இரவில் பல ஆட்டங்கள் ஆட வேண்டியிருக்கிறது. முழங்காலும் தோளும் தேய்கின்றன. ஓய்வு வேண்டும். ஆனால் யாருக்கு ஓய்வு, எப்படி ஓய்வு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ரைடர் தனியாக ஏறிப் போகிறவர். அவரை மாற்றினால் அணியின் கண்ணி அறுவதில்லை. மூன்று ரைடர்களை வைத்துக்கொண்டு பாரத்தைப் பங்கிடுங்கள், அதில் எனக்கு மறுப்பே இல்லை. பிடிக்கும் பக்கம் வேறு. அங்கே கார்னரும் கவரும் சேர்ந்து ஓய்வெடுக்க வேண்டும், சேர்ந்து திரும்ப வேண்டும்.

எதிர்ப்பதோடு நிற்காமல் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சர் கோப்பை உட்பட எந்தத் தொடருக்கும் மாவட்ட அணியைத் தேர்ந்தெடுக்கும்போது தனி ஆளாக மட்டும் பார்க்காமல் கார்னர்–கவர் ஜோடிகளாகவும் இறக்கிப் பாருங்கள். தேர்வு முகாம்களில் ஒன்றையாவது வெள்ளிமலையில் நடத்துங்கள். தேர்வுக்காரர்கள் மலையேறட்டும். மலையில் சேர்ந்து ஆடிப் பழகிய ஜோடி தகுதியானது என்றால் அந்த இருவரையும் சேர்த்தே எடுங்கள், அவர்கள் பழகிய பக்கத்திலேயே நிறுத்துங்கள். எடுத்தபின் குறைந்தது மூன்று ஆட்டங்கள் தொடர்ந்து ஆட விடுங்கள், ஒரு பிடி தவறியதற்காக வெளியே இழுக்காதீர்கள். மாற்றம் தேவைப்படும்போது நிலைத்த வரிசைக்குள் ஒருவரை மட்டும் செருகுங்கள். இரண்டாவது தற்காப்பு வரிசை ஒன்றைத் தனியாகச் சேர்த்துப் பழக்குங்கள். காயம் வரும்போது அந்தச் சுவர் முழுதாக இறங்கட்டும். ஒவ்வொரு நீக்கத்துக்கும் சேர்ப்புக்கும் காரணத்தை எழுதி வீரனிடம் கொடுங்கள். “சுழற்சி” என்பதைக் காரணமாக ஏற்கக் கூடாது.

பன்னிரண்டு பேரையும் இறக்கிவிட்டோம் என்று கணக்குக் காட்டுவது தேர்வுக்காரருக்கு எளிது. ஏழு பேரை ஒருவரை ஒருவர் நம்பவைப்பது கடினம், அதற்கு மாதங்கள் பிடிக்கும், தோல்விகளைப் பொறுக்க வேண்டும். கட்டுரையாளர் எளிதானதைத் தேர்ந்தெடுத்து அதற்கு நியாயம் என்று பெயர் வைத்திருக்கிறார். மலையிலிருந்து வரும் பையனுக்கு நாம் கடன்பட்டிருப்பது ஓர் ஆட்டத்தில் ஓர் இடம் மட்டுமா? அவனோடு சேர்ந்து பாயும் ஒரு துணை, அவனைப் புரிந்துகொள்ளும் ஓர் அணி, தவறினாலும் அடுத்த ரைடுக்கு அங்கேயே நிற்கலாம் என்ற உறுதி. இவற்றைக் கொடுக்காத எந்த முறைக்கும் வாய்ப்பு என்று பெயர் சூட்ட யாருக்கும் உரிமையில்லை.